வெறும் சாக்கு

பிளம்பரிடம் அவருடைய பிக்கப் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், சொன்னவன் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்வரை விடமாட்டார். பதினொரு வருஷமாக அதே வண்டி. அதற்கு முன்னால் ஓட்டியதும் அதே கம்பெனிதான். வண்டியின் மூக்கில் இரண்டு கொம்புகள் வளைந்து நிற்கும் சின்னம் இருந்ததால், கம்பெனிப் பெயரை யாரும் சொல்வதில்லை. கொம்பு என்றால்தான் தெரியும். அதற்கு நேர் எதிரி சிறகு. அந்தக் கம்பெனி வண்டிகளின் மூக்கில் விரித்த சிறகு ஒன்று பளபளக்கும்.

கட்டட வேலைக்காரர்கள் காலையில் வந்து கூடும் டீக்கடை ஒன்று இருந்தது. ரோட்டின் இந்தப் பக்கம் கொம்பு வண்டிகள் நிற்கும், அந்தப் பக்கம் சிறகு வண்டிகள். யாரும் போட்ட சட்டமில்லை. ஆனால் இடமில்லையே என்று பக்கம் மாற்றி நிறுத்தியவனை ஒரு வாரம் ஓட்டி எடுத்துவிடுவார்கள்.

கொம்புக்காரர்களுக்கு வாய் என்றால் பிளம்பர்தான். "சிறகு எதுக்கு வெச்சிருக்கான் தெரியுமா? மேடு ஏற முடியலேன்னா பறந்து போறதுக்கு," என்பார். மழையில் ஒரு சிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், "நனைஞ்சிருக்குப்பா, காய வைங்க. தானா பறக்கும்," என்பார். இந்தப் பக்கம் சிரிப்பு கூரையைப் பிய்க்கும்.

"என்னைப் பத்தி யாராவது பேசினா இவ்வளவு கோபம் வருமா உங்களுக்கு?" என்று அவர் மனைவி ஒருநாள் கேட்டாள்.

"உன்னைப் பத்திப் பேச யாருக்குத் தைரியம் இருக்கு?" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

சிறகுப் பக்கத்தில் தச்சர் ஒருவர் இருந்தார். பிளம்பரைவிடப் பத்து வயது சின்னவர். அண்ணே என்று கூப்பிடுவார். அவருடைய அப்பாவும் சிறகு வண்டிதான் ஓட்டினார். அப்பாவின் வண்டி காயலான் கடைக்குப் போனபோது, அதன் மூக்கிலிருந்த சின்னத்தை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து தன் வண்டியில் மாட்டிக்கொண்டார் தச்சர். எவ்வளவு கிண்டல் செய்தாலும், "ஓடுது அண்ணே, அது போதும்," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் பிளம்பருக்குப் பிடிக்காதது. பதில் சொல்கிறவனை மடக்கலாம். சிரிக்கிறவனை என்ன செய்வது?

ஒரு சனிக்கிழமை பிளம்பரின் நாக்கு கொஞ்சம் அதிகமாகவே நீண்டுவிட்டது. "அப்பா ஏமாந்தாரு, சரி. பிள்ளையும் ஏமாந்தா அதைக் குடும்பத் தொழில்னுதான் சொல்லணும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தச்சர் சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் காலையில பழைய கல்குவாரிக்கு வாங்க அண்ணே. கட்டி இழுத்துப் பாத்துடுவோம்."

பேச்சு அங்கேயே முடிவானது. இரண்டு வண்டிகளையும் பின்னோடு பின்னாகச் சங்கிலியால் பிணைப்பது. இரண்டிலும் பாரம் இருக்கக் கூடாது. தோற்றவர் தன் வண்டிச் சின்னத்தைத் தன் கையாலேயே கழற்ற வேண்டும்.

பிளம்பரின் வண்டியில் அன்று சாயங்காலம் ஏற்றிய சிமெண்ட் எட்டு மூட்டை இருந்தது. கட்டட வேலை நடந்த இடத்தில் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் மூட்டைகளோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மேலே தார்ப்பாயைப் போட்டு நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டினார். காலையில் இறக்கிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். காலையில் எழ நேரமாகிவிட்டது. சரி, குவாரியில் போய் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கனவே நாற்பது பேர் நிற்கிறார்கள், கை தட்டுகிறார்கள். அவர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் சிறகுப் பக்கத்து வெல்டர் ஒருவர் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தார்ப்பாய்க்குக் கீழ என்னண்ணே?"

"வெறும் சாக்கு," என்றார் பிளம்பர்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு எத்தனையோ தரம் தன்னையே கேட்டுக்கொண்டார். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் அதுதான் வந்தது. வெல்டர் முடிச்சில் கை வைத்தார். தச்சர் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்: "அண்ணே சொன்னா சரிதான். விடுப்பா."

வெல்டர் கையை எடுத்துவிட்டார். அந்த நொடியில்கூடப் பிளம்பர் வாயைத் திறந்திருக்கலாம்.

விசில் ஊதினார்கள். எட்டு மூட்டைக் கனமும் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்ததால் கொம்பு வண்டி தரையைக் கடித்துக்கொண்டு நின்றது. காலி வண்டியான சிறகுக்கு நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றியது, சரளைக்கல் தெறித்தது. தச்சர் விடாமல் மிதித்தார். கிளட்ச் கருகும் நாற்றம் குவாரி முழுவதும் பரவியது. அப்புறம் சிறகு வண்டி பின்னோக்கி நகர ஆரம்பித்தது. தரையில் கிழித்திருந்த கோட்டைத் தாண்டிப் பன்னிரண்டு அடி இழுத்துக்கொண்டு போய்த்தான் பிளம்பர் நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கத்தினார். யாரோ எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தச்சர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் முட்டி போட்டார். அப்பாவின் சின்னத்தைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு வந்து பிளம்பரின் கையைப் பிடித்தார். "உங்க வண்டி வண்டிதான் அண்ணே," என்றார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம், விளையாட்டுதானே என்று பிளம்பர் நினைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வேலைக்கு எல்லோருக்கும் முன்னால் போய், மூட்டைகளை யாரும் பார்ப்பதற்குள் தனியாகவே இறக்கினார். நாலாவது மூட்டையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நன்றாக வேண்டும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாரே தவிர, சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தச்சரும் அவர் மனைவியும் பிளம்பர் வீட்டுக்கு வந்தார்கள்.

"யோசிச்சுப் பாத்தேன் அண்ணே," என்றார் தச்சர். "அப்பா ஓட்டினாருன்னு நானும் ஓட்டினேன், வேற காரணமே இல்ல. கண்ணால பாத்தப்புறமும் பிடிவாதம் பிடிச்சா அது முட்டாள்தனம். கொம்பே வாங்கிடலாம்னு இருக்கேன். வியாழக்கிழமை ஷோரூமுக்கு நீங்க கூட வரணும்."

"யார் பேச்சையும் கேக்கமாட்டார் அக்கா," என்று தச்சர் மனைவி பிளம்பர் மனைவியிடம் சொன்னாள். "உங்க வீட்டுக்காரர்னா மட்டும் தனி மரியாதை."

டீ குடித்துக்கொண்டிருந்த பிளம்பருக்குப் புரையேறியது. "இப்ப என்ன அவசரம்? கிளட்ச் மாத்தியாச்சுல்ல? உன் வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"இதை நீங்களா சொல்றீங்க!" என்று தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனதும் மனைவி கேட்டாள்: "உங்க முகம் ஏன் அப்படிச் செத்துப்போச்சு?" பிளம்பர் சொல்லிவிட்டார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். திரும்பி வந்து, "காலையில போய்ச் சொல்லிடுங்க. வண்டியை வித்துத் தொலைக்கறதுக்குள்ள," என்றாள்.

போனார். பட்டறையில் தச்சர் ஒரு கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டூலில் இருந்த மரத்தூளைத் துடைத்து, "உக்காருங்க அண்ணே," என்றார். பிளம்பர் உட்கார்ந்தார். மழை வருமா என்று பேசினார். கடைசியில், வீட்டுக்கு ஷெல்ஃபுக்கு ஒரு பலகை வேண்டும் என்றார். தச்சர் நல்ல பலகையாகப் பார்த்து, ஓரத்தை இழைத்துக் கொடுத்தார்.

பலகையோடு வாசலில் வந்து நின்ற கணவனை மனைவி பார்த்தாள். பலகையை வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்.

வியாழக்கிழமை ஷோரூமில் விற்பனைக்காரருக்குப் பிளம்பரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "சார், நீங்கதானே அது! வர்றவங்களுக்கெல்லாம் உங்க வீடியோவைத்தான் காட்டறேன்!" என்று செல்போனை நீட்டினார். தச்சர் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் மேஜையில் இருந்தன. பேனாவும் கையில் இருந்தது. அவரும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

பிளம்பர் தன்னையே பார்த்தார். குவாரியில் அன்று நல்ல காற்று. ஆட்களின் சட்டைகள் படபடக்கின்றன. வெறும் சாக்கின் மேல் போட்ட தார்ப்பாயும் படபடக்க வேண்டும். அது கல் மாதிரிக் கிடக்கிறது. இவ்வளவு பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் செல்போனிலிருந்து அந்தக் குரல் வந்தது: அண்ணே சொன்னா சரிதான்.

"அதை நிறுத்துங்க," என்றார் பிளம்பர். "சாக்குக்குள்ள சிமெண்ட் இருந்துது."

"சார் தமாஷ் பண்றார்," என்றார் விற்பனைக்காரர்.

"எட்டு மூட்டை. எட்டும் முழு மூட்டை."

தச்சர் பேனாவை மூடினார். "அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நாங்க உங்க வீட்டுக்கு வந்தப்ப?"

"தெரியும்ப்பா."

"பட்டறைக்கு வந்து பலகை வாங்கிட்டுப் போனீங்களே?"

"சொல்லத்தான் வந்தேன். வாய் வரல."

"அக்காவுக்கும் தெரியுமா?" என்று கேட்டது கூட வந்திருந்த தச்சரின் மனைவி.

பிளம்பர் தலையாட்டினார். தன் அவமானத்தில் பாதியை வீட்டில் இருப்பவள் தலையில் இறக்கி வைத்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தச்சருக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை. அவர் மெதுவாகத்தான் பேசினார். "வண்டியை முந்தாநாளே ஒரு நர்சரிக்காரம்மாவுக்குக் கொடுத்துட்டேன். அது போகட்டும். வெல்டர் முடிச்சை அவிழ்க்க வந்தார். நான்தான் தடுத்தேன். இனிமே அவங்க முன்னாடி நான் என்ன மூஞ்சியோட போய் நிப்பேன், சொல்லுங்க பிளம்பர்?"

கணவனும் மனைவியும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

பிளம்பர் அங்கிருந்து நேராக நர்சரிக்குப் போனார். செடித் தொட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த அந்தம்மாவிடம் வண்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

"எதுக்குக் கொடுக்கணும்? மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பாத்துத்தான் வாங்கினேன். அந்த வண்டில ஒரு குறை சொல்லுங்க, இப்பவே கொடுத்துடறேன்."

பதினொரு வருஷமாகச் சிறகுக்கு நூறு குறை சொன்ன வாய் அது. ஒன்றுகூட வரவில்லை. நாற்பது மூட்டை எருமண்ணை ஏற்றிக்கொண்டு, அந்த வண்டி நர்சரிக்குப் பின்னால் இருந்த மேட்டில் முணுமுணுத்தபடி ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை டீக்கடையில், இரண்டு பக்கமும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னார். கொம்புக்காரர்கள்தான் முதலில் கொதித்தார்கள். ஏமாற்றியதற்காக இல்லை. "இதை வெளியில சொல்லணுமா? நம்ம மானத்தை ஏலம் போட்டுட்டீங்களே," என்றார் ஒருவர். சிறகுப் பக்கம் விசில் பறந்தது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் எட்டு மூட்டை. "எட்டு மூட்டை, டீ சொல்லட்டுமா?" என்பார்கள். பிளம்பர் வாங்கிக் குடிப்பார்.

கிண்டலை அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒன்றுதான். தச்சர் அந்தக் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சிறகுப் பக்கத்து ஆட்களே, "அண்ணே சொன்னா சரிதான்," என்று அவரைப் பார்த்துப் பாட்டுப் பாடினார்களாம்.

இரண்டு மாதம் கழித்து, புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மூன்று மாடி வீட்டில் பிளம்பருக்கு வேலை கிடைத்தது. வாசலில் பழைய சின்ன லோடு வண்டி ஒன்று நின்றது. கொம்புமில்லை, சிறகுமில்லை. கிண்டல் செய்யக்கூட யாரும் நினைவு வைத்துக்கொள்ளாத ஏதோ கம்பெனி. உள்ளே மரப்பலகைகளைப் பார்த்ததும் யார் வண்டி என்று தெரிந்துவிட்டது. பிளம்பர் சத்தமில்லாமல் மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய்க் குளியலறையில் உட்கார்ந்துகொண்டார்.

மதியத்துக்கு முன்னால் கீழேயிருந்து குரல் வந்தது. "மேல யாராவது இருக்கீங்களா? ஒரு கை கொடுங்க!"

வேறு யாரும் இல்லை. பிளம்பர் இறங்கி வந்தார். வாசல் கதவின் முழுப்பாரத்தையும் தோளில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தார் தச்சர். வந்தது யாரென்று பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் இறுகியது. ஆனால் கதவை எவ்வளவு நேரம் ஒற்றைத் தோளில் தாங்க முடியும்?

"அந்தக் கீழ் மூலையைத் தூக்குங்க," என்றார்.

பிளம்பர் குனிந்து தூக்கினார். தச்சர் கீல்களைப் பொருத்த ஆரம்பித்தார். மூன்று கீல், ஒவ்வொன்றுக்கும் ஆறு திருகாணி. இரண்டாவது கீல் முடியும்போது, ஷோரூமில் சொல்லாமல் விட்டதைப் பிளம்பர் சொன்னார்.

"என்னை மன்னிச்சிடுப்பா."

தச்சர் உதட்டில் கவ்வியிருந்த திருகாணியை எடுத்தார். "கதவை ஆட்டாதீங்க," என்றார்.

பிளம்பர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடித்திருந்தார். மூன்றாவது கீலும் முடிந்தது. தச்சர் கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தார். "சரியா இருக்கு. நீங்க போங்க," என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளுக்கு அளவெடுக்கத் திரும்பிக்கொண்டார்.

பிளம்பர் மாடியேறிப் போய், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். காது இரண்டும் சாப்பாட்டு வேளைவரை எரிந்துகொண்டே இருந்தன.