பழைய துளை

விடிவதற்குள் டிரில் மெஷின்கள் அதிரத் தொடங்கிவிட்டன. சுரங்கத்துக்குள் விடிந்தால் என்ன, விடியாவிட்டால் என்ன. எதிரே கருங்கல். வெடிமருந்து வைக்க அதில் துளை போட வேண்டும். துளைமுனை அதில் வழுக்கும், துள்ளும். மிஞ்சுவது ஒரு வெள்ளைக் கீறல். மலைக்குக் கிச்சுகிச்சு மூட்டுகிற பிழைப்பு. அதிர்ந்து அதிர்ந்து என் கையும் விரல்களும் மரத்துவிட்டன. சட்டைப் பொத்தானைக்கூடப் பார்த்துத்தான் போடுகிறேன்.

அதனால் எல்லோருமே ஒரு திருட்டு வேலையைச் செய்தோம். முந்தைய வெடியில் உடையாமல் நின்ற துளையின் அடி, பாறையில் குழியாக இருக்கும். அதில் முனையை வைத்தால் வழுக்காது. ஆனால் வெடிக்காத மருந்து உள்ளே தங்கியிருக்கலாம். கூடாது என்று வாசலில் பலகையே உண்டு. புதுத் துளை போட்டால் ஷிப்டுக்குள் முடியாது. முடிக்காதவனுக்கு மறுநாள் வேலை கிடையாது.

பக்கத்தில் நின்ற அக்கா புருஷனும் அன்று அப்படித்தான் வைத்தார்.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காற்று தள்ளியது. புகை விலகியபோது மச்சான் உட்கார்ந்திருந்தார்.

"லைட்டைப் போடுறா."

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஆஸ்பத்திரி வண்டி போனதும் கையைக் கழுவினேன்.

மதியம் கான்ட்ராக்டர் வந்தார். சேறு படாமல் ஒரு மரப்பலகைமேல் நின்றார்.

"பழைய துளையில வச்சது அவன் தப்பு. வைத்தியம் அவன் வீட்டுப் பாடு. விசாரிக்க வந்தா அப்படியே சொல்லுங்க."

"கல்லு விடமாட்டேங்குது சார்," என்றார் மேஸ்திரி. "நேரம் கொடுங்கன்னு எத்தனை தடவை கேட்டோம்?"

"கல்லுகிட்டப் போய்க் கேளு."

"கேட்டாச்சு சார். உங்களுக்கு அது தேவலை," என்றான் கட்டையன். யாரும் சிரிக்கவில்லை.

கான்ட்ராக்டர் குரலை உயர்த்தவில்லை. "இன்னும் எவன் எவன் அப்படி வைக்கிறான்? கையைத் தூக்கு. அவனோட சேர்த்து அனுப்பிடறேன்."

மெஷின்களுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரை யாரோ நிறுத்தினார்கள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதலில் மேஸ்திரி தூக்கினார். பிறகு கட்டையன். பிறகு வரிசையாக.

"எல்லாரும்தான் வைக்கிறோம் சார்," என்றார் மேஸ்திரி. "உங்களுக்கும் தெரியும். அவனுக்கு வைத்தியம், எங்களுக்குப் புதுத் துளை போட நேரம். அதுவரைக்கும் மெஷின் ஓடாது."

கான்ட்ராக்டர் போனை எடுத்தார். உள்ளே சிக்னல் கிடையாது.

என் கை? எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

மேலேதான் இருந்தது.