துணி மூட்டைக்கு ஆள் இல்லை

இப்போதெல்லாம் யாரும் பதில் சொல்வதில்லை. முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனால், "எதனாலன்னு நினைக்கிறீங்க?" என்று என்னையே கேட்கிறார். தெரிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்?

ஆலுவாவில், பெரியாற்றங்கரையிலேயே பிறந்தவன் நான். நாற்பது வருஷம் தென்னை ஏறிக் கள் இறக்கினேன். நீச்சல் மட்டும் தெரியாது. அறுபத்தெட்டு வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன் என்றால் காரணம் என் மனைவி தங்கமணி. எனக்கு முன்னால் சேர்ந்து, மூன்றே வாரத்தில் அக்கரையைத் தொட்டுவிட்டாள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம். ஞாயிறு காலை, நீந்தத் தெரிந்தவர்கள் ஆற்றைக் கடந்து அக்கரைக் கடையில் புட்டும் கடலையும் தின்பார்கள். தெரியாதவர்கள் அவர்களுடைய துணிகளை மடியில் வைத்துக்கொண்டு பைலியின் தோணியில் வர வேண்டும். ஒவ்வொருவராகக் கற்றுக்கொண்டு ஆற்றில் குதித்துவிட, கடைசியில் தோணியில் நான் ஒருவன்தான். மடியில் ஒன்பது பேர் துணி. அதன் மேல் தங்கமணியின் மூக்குக் கண்ணாடி.

"துணி பத்திரம், சேட்டா!" என்று பைலி வாராவாரம் இளிப்பான். ஒரு ஞாயிறாவது அந்த மூட்டையில்லாமல் அக்கரை போய்விட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

முதலில் சொல்லிக்கொடுத்தவர் சுதர்சனன் மாஷ், பழைய டிரில் வாத்தியார். கை இப்படி, கால் அப்படி, மூச்சு எப்போது என்று எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். கரையில் நின்று ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பேன். தண்ணீரில் இறங்கினால் அம்மிக்கல். ஆனாலும் பதில் சொல்கிற மனிதர். மகள் பிரசவத்துக்கு அவர் மஸ்கட் போனதும், ஜெஸ்ஸி என்று ஒருத்தி வந்தாள். கோச்சாம். நான் முழுகுவதை ஒரு தடவை பார்த்தாள்.

"சேட்டா, தண்ணிக்குள்ள கை என்ன பண்ணுது?"

"அத நீதானே சொல்லணும்?"

"கை உங்களோடதுதானே?"

எரிச்சலோடு யோசித்தேன். "கட்டிப் பிடிக்குது. மரத்தப் பிடிக்கிற மாதிரி."

"மரம் அப்படித்தான் ஏறுவீங்களா?"

"எவன் சொன்னான்? நெஞ்ச ஒட்டுனா தோல்தான் உரியும். உடம்பப் பின்னால விடணும். கால்ல மாட்டுன தளைக்கயித்தோட ரெண்டு காலையும் சேத்து மேல இழுத்து, ஒரே உதை!"

"ஓ," என்றாள். அவ்வளவுதான். இதற்கு ஒரு கோச்!

மறுபடி தண்ணீரில் இறங்கி உடம்பைப் பின்னால் விட்டேன். தண்ணீர் முதுகைத் தாங்கியது. காலைச் சேர்த்து இழுத்து உதைத்தேன். தலைப்பக்கமாக ஒரு முழம் நகர்ந்தேன்.

அடுத்த ஞாயிறு, தென்னை ஏறுகிற மாதிரியே ஆற்றை மல்லாந்து ஏறினேன். ஜெஸ்ஸி பக்கத்திலேயே வந்தாள். நடு ஆற்றில் பயம் வந்தபோதும் கேள்விதான்.

"மேல என்ன தெரியுது, சேட்டா?"

"பருந்து. என்னப் பாத்துச் சிரிக்குது."

தலை படிக்கட்டில் இடித்தது. அக்கரை! கைதட்டல், கூச்சல். தங்கமணி ஓடிவந்து, "ஜெயிச்சிட்டியே மனுஷா!" என்று தோளைக் குலுக்கினாள். என் தோளை அல்ல, பைலியின் தோளை. அவளுக்குக் கண்ணாடி இல்லை.

அப்போதுதான் எல்லாரும் தோணியைப் பார்த்தோம். காலி.

"துணி எங்கடா?" என்றேன்.

"எப்பவும் நீங்கதானே கொண்டு வருவீங்க?" என்றான் பைலி.

பத்துப் பேரும் சொட்டச் சொட்ட நின்றோம். கடையில் புட்டு ஆவி பறந்தது. சிரித்துச் சிரித்துத் தங்கமணிக்கு விக்கலே வந்துவிட்டது.

ஜெஸ்ஸி என் பக்கம் திரும்பினாள். "இப்ப என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க, சேட்டா?"

"நீ எனக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல. தெரியுமா?"

"ஆமா, ஒண்ணுமே சொல்லல," என்று அவளும் சிரித்தாள்.

ஒப்புக்கொள்கிறாள் பாருங்கள்! மாஷ் மஸ்கட்டிலிருந்து வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

"தோணில ஏறுங்க, போய் எடுத்துட்டு வரலாம்," என்றான் பைலி.

"உன் தோணிய நீயே வச்சுக்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி மறுபடி ஆற்றுக்குள் நடந்தேன்.