ஆரஞ்சுக் கடற்படை வரவில்லை

போர்த்திட்டங்களில் நாடுகளுக்குப் பெயர் கிடையாது, நிறம்தான். அமெரிக்கர்களான நாங்கள் நீலம். ஜப்பான் ஆரஞ்சு. கமாண்டர் ஹாலிஸ் பிராட்ஃபீல்ட் மூன்று ஆண்டுகளாகப் போர் ஒத்திகை ஆட்டங்களில் ஆரஞ்சாக இருந்தார்.

கடற்படைக் கல்லூரி மாடியில் கட்டம் போட்ட தரைதான் பசிபிக் பெருங்கடல். அதன்மேல் அதிகாரிகள் மண்டியிட்டு ஈயக் கப்பல்களை நகர்த்துவார்கள். நடுவே கித்தான் திரை. நீலத்தின் பக்கம் ஒரு கூட்டமே இருக்கும், புகையும் சிரிப்புமாக. இந்தப் பக்கம் ஹாலிஸ் மட்டும். தங்கள் திட்டத்தை உளறிவிடுவோமோ என்று சாப்பாட்டு நேரத்தில்கூட அவர் மேஜைக்கு யாரும் வருவதில்லை. மனைவி இறந்தபின் வீட்டிலும் பேச ஆளில்லை.

அவருக்கு ஒரு கப்பல் வேண்டும். வசந்தத்துக்குள் கடலில் பொறுப்புக் கிடைக்காவிட்டால் கட்டாய ஓய்வு. அட்மிரல் விட்காம்ப் கையில் ஒரு குரூசர் போர்க்கப்பலின் தலைமைப் பதவி காலியாக இருந்தது. ஹவாயிலிருந்து ஒரே பாய்ச்சலாக, எங்கள் வசமிருந்த மணிலாவுக்குப் போய், வழியில் எதிரியை நொறுக்கும் திட்டமும் அந்த அட்மிரலுடையதுதான். இந்த ஆட்டத்தில் அது தேறிவிட்டால் வாஷிங்டன் ஒப்புக்கொள்ளும்.

ஆட்டத்துக்கு முன் அட்மிரல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"ஹாலிஸ், நடுக்கடலுக்கு வாய்யா. நல்லா அடி, அப்புறம் தோத்துடு. குரூசர் எனக்கு ஞாபகம் இருக்கு."

ஹாலிஸ் சரியென்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் ஈயக் கப்பலைக் கையில் எடுத்ததும், டோக்கியோவில் உட்கார்ந்திருப்பவன் ஏன் வெளியே வரவேண்டும் என்று தோன்றியது. வருகிறவர்கள் எண்ணெயை எரித்துக்கொண்டுதானே வருகிறார்கள்? கப்பலைக் கீழே வைத்தார். துறைமுகத்திலேயே இருக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் நடுவருக்குச் சீட்டு அனுப்பினார்.

"ஆரஞ்சு தூங்கிட்டாரு, எழுப்பி விடுங்கப்பா" என்று திரைக்கு அப்பால் ஒரு குரல். சிரிப்பு.

மறுநாள் அந்தச் சிரிப்பு இல்லை. நீலத்துக்கு எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது. பழுதான கப்பல்களைக் கொண்டுபோக வழியில் ஒரு துறைமுகமும் இல்லை. அப்போதுதான் ஹாலிஸ் வெளியே வந்தார். உணவு மணி அடிப்பதற்குள் நீலத்தின் கதை முடிந்துவிட்டது.

மற்றவர்கள் சாப்பிடப் போனபின் அட்மிரல் வந்தார்.

"ஏன்யா வரல?"

"நிஜத்துல அவங்க வரமாட்டாங்க, சார்."

அட்மிரல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, குரூசரை வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மணிலாவுக்குப் போக எந்தெந்தத் தீவை முதலில் பிடிக்கவேண்டும் என்று இங்கேயே உட்கார்ந்து எழுதச் சொன்னார்.

ஹாலிஸ் எழுதினார். தீவு தீவாக மெதுவாக நகரும் புதுத் திட்டம் வசந்தத்தில் முடிந்தது. அதே வாரம் ஓய்வு உத்தரவும் வந்தது.

புதுத் திட்டத்தையும் ஆடிப் பார்க்கவேண்டும். திரைக்குப் பின்னால் ஆரஞ்சாக உட்கார யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை.