ரோசக்கார வீடு

பாளையங்கால்வாயை ஒட்டி நின்ற தில்லைநாயகம் பிள்ளையின் காரை வீடு, யாராவது குறை சொன்னால் குறுகும். 1909-ஆம் வருஷம் கார்த்திகை முதல் தேதியில் அது கிழமேல் நாற்பத்திரண்டு அடி இருந்தது. மார்கழிக் கடைசியில் இருபத்தொன்பது. இடையில் இடி விழவில்லை, கொத்தனும் வரவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் சுவிசேஷமுத்து விலை பேச வந்தார், அவ்வளவுதான்.

வாத்தியாருக்குச் சம்பளம் பதினெட்டு ரூபாய். பத்து வருஷத்தில் சேர்ந்தது முந்நூற்றைம்பது. பெண்கள் நாலு; மனைவி சாலோமிக்கு எட்டாம் மாசம். குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கூரை மாற்றவேண்டும், தை பிறக்குமுன் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஓர் ஓரத்திலிருந்து ஓடுகளை இறக்கத் தொடங்கிவிட்டார். இவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் வெயில் விழுந்தது. பனிக்காலத்தில் பச்சைப்பிள்ளையை எங்கே கிடத்துவது என்ற யோசனையில் வாத்தியார் வகுப்பில் ஒரே கணக்கை மூன்று நாள் நடத்தினார்.

தன் காரை வீட்டுக்குப் பிள்ளை ஐநூறு சொன்னார். விஷயத்தையும் ஒளிக்கவில்லை. "எங்க பாட்டையா கட்டுனது, வாத்தியாரே. ரோசம் ஜாஸ்தி. குறை சொன்னா சுருங்கிப்போவும். சுருங்குனா நானும் விலையைக் குறைச்சுத்தானே ஆவணும்? யோசிச்சுப் பேசும் வே."

வாத்தியார் நம்பவில்லை. அவருக்குத் தெரிந்த வியாபாரமெல்லாம் பொருளைத் தூற்றுவதுதான். உடன்குடிக் கருப்பட்டியைக் கையில் எடுத்தவுடன் மண் இருக்கிறது என்பார், பிறகுதான் விலை கேட்பார். ஊரே அப்படித்தான் வாங்கியது. பழக்க தோஷத்தில், "கூடம் இருட்டால்லா இருக்கு" என்றார். கூடம் மூன்றடி உள்வாங்கியது. சுவரோரம் நின்ற குதிர் நகர்ந்து வந்து அவர் முதுகில் இடித்தது. "நானூத்தி எண்பது" என்றார் பிள்ளை, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

குறை சொல்லாவிட்டால் விலை எட்டாது. சொன்னால் வீடு மிஞ்சாது. சாலோமி பத்தமடைப் பாய்களைச் சுருட்டி எடுத்துவந்து, அந்தக் காரை வீட்டில் விரித்து அளந்தாள். எல்லோரும் கால் நீட்ட நாலு பாய் அகலம், கஞ்சி காய்ச்ச ஓர் அடுக்களை, பேறுகாலத்துக்கு ஓர் அறை. இவ்வளவு நின்றால் போதும், மற்றது போகட்டும் என்றாள். மாடு இல்லாதவர்களுக்குத் தொழுவம் எதற்கு? நாறுது என்றார் வாத்தியார், தொழுவம் கோழிக்கூடாயிற்று. வயல் இல்லாதவர்களுக்கு நெல்லறை எதற்கு? எலி வரும் என்றார்; அது மாடக்குழியாயிற்று. வீடு பார்க்க வரும்போதெல்லாம், ஏதாவது உளறிவிடாமலிருக்க, நாலு பெண்களின் வாயிலும் கருப்பட்டித் துண்டு அடைத்து வைத்தார்கள். அப்படியும் கடைக்குட்டி அதைத் துப்பிவிட்டு, "புழுங்குது" என்றாள். கூடத்து ஜன்னல் சிலேட்டு அளவுக்கு வந்தது. அதற்கு மூன்று ரூபாய் தள்ளினார் பிள்ளை.

மார்கழி இருபத்தெட்டாம் தேதி விலை நானூறில் வந்து நின்றது. இன்னும் ஐம்பது குறையவேண்டும். மிச்சமிருந்ததோ சாலோமி கேட்ட நாலு பாய் அகலம், அடுக்களை, அறை, அவ்வளவே. வாத்தியார் அறையைப் பார்த்தார். மனைவியின் வயிற்றைப் பார்த்தார். "இந்த அடுக்களையில..." என்று தொடங்கினார். அடுப்பு மேடை நடுங்கியது. சாலோமி அவர் வாயைப் பொத்தினாள்.

"வீட்டுல ஒரு குத்தமும் இல்ல, அண்ணாச்சி," என்றாள். "குத்தமெல்லாம் ஒங்ககிட்டத்தான். வயித்துப்பிள்ளைக்காரி ஒரு மாசமா வந்து நிக்கேன், ஒரு வாய் தண்ணி குடின்னு சொன்னியளா? அடுத்த தெருவுல மூணு வீட்டைப் பூட்டிப் போட்டுருக்கிய. அம்பது ரூவாய்க்கு ஒருத்தி பேறுகால அறையைப் பிடுங்கப் பாக்கிய. ஒங்க வீட்டுக்கு இருக்க ரோசம் ஒங்களுக்கு இல்லியே!"

பிள்ளையின் வேட்டி தரையில் புரண்டது. தோள்துண்டின் நுனி முழங்காலைத் தாண்டி இறங்கியது. மோதிரம் கழன்று உருண்டு அடுக்களைக்குள் போயிற்று.

"போதும் தாயி, நிறுத்திக்கோ," என்றார் அவர், முன்னைவிட ஒரு முழம் தாழ்விலிருந்து. "முந்நூத்தைம்பதுக்கே எழுதிக்கிடுங்க."

மறுநாள் பத்திரம் பதிவாயிற்று. பதிவு ஆபீஸ் குமாஸ்தா ஐயம்பெருமாள், மேசைக்கு மேல் தலை மட்டும் தெரிந்த பிள்ளையை மூக்குக்கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தார். ஆள் அடையாளத்துக்கு வலது காதில் மச்சம் என்று எழுதினார். மச்சம் அளவு மாறவில்லை. பிள்ளையின் வீட்டில் அவருடைய வேட்டிகளைக் கிழித்து, மிச்சத்தில் தலையணை உறை தைத்துக்கொண்டார்கள்.

தை ஐந்தாம் தேதி அந்த அறையில் வாத்தியாருக்கு ஐந்தாவதும் பெண் பிறந்தது. நாற்பது நாள் கழித்துப் பிள்ளை சீனி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். தொட்டில் அவருக்கு எட்டவில்லை. சாலோமி ஒன்றும் சொல்லாமல் முக்காலியை நகர்த்திப் போட்டாள்; அவரும் ஏறி நின்று பார்த்தார்.