ஒரு எழுத்துகூட மாத்தாத

சுரங்கத்தின் மூன்றாம் கிளையில் வாயு அளவு காலையிலிருந்து திரையில் ஒரே எண்ணாக நின்றது. நல்ல எண்தான். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மண்ணுக்கடியில் ஆட்கள் வெட்டிக்கொண்டும் வெடி வைத்துக்கொண்டும் இருக்கும்போது எந்த வாயுவும் இப்படிச் சமர்த்தாக உட்கார்ந்திருக்காது. கருவியிடமிருந்து செய்தி வராவிட்டால், கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும் திரை அது. அப்படி அமைத்த புண்ணியவான் எங்கேயோ ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டிருப்பான்.

அந்தச் சுரங்கத்தின் நெட்வொர்க் முழுக்க அவள் பொறுப்பு. அவளுக்குக் கீழே ஒப்பந்த டெக்னீஷியனாக இருந்த அவள் தம்பி, இந்தக் கோளாறைப் பார்க்கத்தான் மூன்றாம் கிளைக்கு இறங்கியிருந்தான். அங்கே போன் எடுக்காது. ஆட்களை மேலே கூப்பிட்டுவிடலாம் என்று மேலாளரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எண்தான் இருக்கே. உங்க நெட்வொர்க் கோளாறுக்கு நான் எதுக்கு வேலைய நிறுத்தணும்? முதல்ல அதைச் சரி பண்ணுங்க."

அவரிடம் மல்லுக்கட்டி நேரத்தைப் போக்குவதைவிட வழியைத் தேடுவதே மேல் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ரவுட்டர்கள் ஒரு வகையில் ஊர்வம்புக்காரர்கள். ஒவ்வொன்றும் தன் எண்ணைச் சொல்லி, 'நான் இன்னார், என் வழியாக வந்தால் இன்ன இடங்களுக்குப் போகலாம்' என்று பக்கத்து ரவுட்டரிடம் அறிவிக்கும். அது அந்த அறிவிப்பை வரி மாறாமல் அடுத்ததற்குக் கடத்தும். இப்படிக் காதில் விழுந்ததை எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றும் சுரங்கம் முழுவதற்கும் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளும். இப்போது அந்தப் படத்தில் மூன்றாம் கிளைக்கு வழி இல்லை.

மூன்றாம் கிளை ரவுட்டருக்குப் பக்கத்து ரவுட்டர்களோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மூன்றாம் கிளையின் முகவரியை அறிவிக்கச் சொல்லியிருக்கிறதா? சொல்லியிருந்தது. நடுவில் யாராவது அந்த அறிவிப்பைத் தடுத்து வைத்திருக்கிறார்களா? இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் வேலை மட்டும் நடக்கவில்லை என்றால் வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது.

கடைசியில் அறிவிப்புகளின் வரிசை எண்ணைப் பார்த்தாள். ஓர் அறிவிப்பைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்த எண் ஒன்று கூடும். ஒழுங்கான ரவுட்டர் எப்போதாவதுதான் புதுப்பிக்கும். இது அவள் கண்முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. ஒரே ரவுட்டர் எண், ஒரு தடவை மூன்றாம் கிளையைச் சொன்னது, அடுத்த தடவை ஐந்தாம் கிளையைச் சொன்னது. ஒருவர் அல்ல, ஒரே பேரில் இரண்டு பேர். ஒன்றின் அறிவிப்பு இன்னொன்றுக்குப் போனதும், 'இது நான் சொன்னதாச்சே, தப்பாக இருக்கிறதே' என்று அது புதிதாக ஓர் அறிவிப்பைக் கத்தும். இந்தச் சண்டையில் ஐந்தாம் கிளை ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் கிளையில் பழுதான ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியதை அன்று விடிகாலையில் மாட்டியவன் தம்பிதான். மூன்றாம் கிளையின் அமைப்பை அப்படியே காப்பி அடித்து, முகவரிகளை மட்டும் அவள் அனுப்பியபடி போடச் சொல்லியிருந்தாள். அதற்கு முந்தைய வேலையில் அவன் தன் இஷ்டத்துக்கு எதையோ மாற்றி, பாதிச் சுரங்கத்தின் நெட்வொர்க்கை இருட்டில் தள்ளியிருந்தான். அந்தக் கோபத்தில் போனில் கத்தினாள்: "நான் அனுப்பினதத் தவிர ஒரு எழுத்துகூட மாத்தாத. எதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுச் செய்." அவள் அனுப்பியதில் ரவுட்டர் எண் இல்லை. பிறந்ததிலிருந்து அக்கா பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவன், அந்த ஒரு தடவை கேட்டுவிட்டான்.

பக்கத்து ரவுட்டர் வழியாக ஐந்தாம் கிளை ரவுட்டருக்குள் நுழைந்து, எண்ணை மாற்றி, மறுபடி ஓடவிட்டாள். மூன்றாம் கிளைக்கு வழி வந்தது. திரையில் எண் மாறியது. சிவப்பாகி, எச்சரிக்கை அளவைத் தாண்டி, மேலே போய்க்கொண்டே இருந்தது. மேலாளர் சைரனை அழுத்தினார்.

இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுத்துக் கணக்கு வைக்கும் விளக்கறைக்கு அவள் ஓடினாள். இறங்குகிறவர் தன் எண் பொறித்த டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவார், ஏறி வந்ததும் மாட்டுவார். ஆட்களை ஏற்றும் கூண்டு மூன்று நடை போய் வந்தது. எல்லாக் கொக்கியிலும் டோக்கன் தொங்கியது. "எல்லாரும் வந்தாச்சு," என்றார் விளக்கறைக்காரர். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கரி பூசிய முகங்களுக்குள் தம்பியைத் தேடினாள்.

"அவன் டோக்கன் எது?"

"ஒப்பந்த ஆளுக்கு ஏது டோக்கன்? யார் நம்பர்லயாவது இறங்குவாங்க."

பம்ப் ஓட்டுகிறவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "என் நம்பர்லதாம்மா என்னோட இறங்கினான். நான் ஏறி வந்ததும் மாட்டிட்டேனே," என்றார்.

அன்று இரண்டாம் முறையாக ஒரே எண்ணில் இரண்டு பேர். அவள் வாய்விட்டு அலறினாள்.

மீட்புக் குழு முகமூடி போட்டுக்கொண்டு இறங்கியது. வாயு தேங்கிய, ஆள் நடமாட்டமில்லாத மூலையில், ரவுட்டருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம், மடியில் லேப்டாப் திறந்தபடி. அவனைத் தூக்கினார்கள், லேப்டாப்பை அங்கேயே வைத்துவிட்டார்கள். மேலே கொண்டுவந்தபோது முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவிடம் யார் சொல்வது என்று யாரோ கேட்டார்கள். நான்தான் என்றாள்.

அம்மாவின் எண் இருந்த போன் மேசைமேல் கிடந்தது. அதை எடுக்கத்தான் அறைக்குப் போனாள். கணினியில் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. காலையிலேயே எழுதியது. வழி இல்லாததால் அவன் லேப்டாப்பிலேயே முட்டிக்கொண்டு நின்று, அவள் வழியைச் சரிசெய்த பிறகு வந்திருக்கிறது.

"அக்கா, ரெண்டு ரவுட்டருக்கும் ஒரே நம்பர். மாத்தட்டுமா? நீ சொல்ற வரைக்கும் இங்கேயே இருக்கேன்."

அவள் நின்றபடியே 'மாத்துடா' என்று அடித்து அனுப்பினாள். வழி இப்போது சரியாக இருந்தது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரை காட்டியது.