யார் ஊர்ப் பன்னிரண்டு மணி?

மகாஜனங்களுக்கு அறிவிப்பது யாதெனில்: இன்று இரவு பன்னிரண்டு மணியோடு, பிழை தேட உதவும் தனி டிபக் பேக்கேஜ்கள் என்னும் இருண்ட காலம் முடிவுக்கு வருகிறது. இனி மென்பொருளை பில்ட் செய்யும்போதே அவை தாமாகப் பிறந்து, தமக்குரிய இடத்தில் வாழும். கையால் கட்டிய பழையவை நீக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் முறைப்படி புகார் எண் பெறவும்.

இப்படிக்கு, இலவச மென்பொருள் தொகுப்பின் வெளியீட்டுத் தலைவர். சம்பளம் இல்லாமல் உழைப்பவர். அதனால் அவரை வேலையைவிட்டுத் தூக்கவும் வழியில்லை.

காலை பத்து மணிக்கு இதைப் படித்தவர், அந்தத் தொகுப்புக்கு நாற்பது பேக்கேஜ் கட்டித் தருகிறவர். அதனால் வீட்டில் அவருக்கு ‘மூட்டை’ என்று பெயர். நாற்பதில் ஒன்று, தட்டச்சு செய்ததை உரக்கப் பேசும் புரோகிராம். உலகத்தில் அதை எத்தனை பேர் வைத்திருக்கிறார்களோ, மூட்டைக்குத் தெரிந்தது ஒருத்தியைத்தான்: அடுத்த அறையில் இருக்கும் அக்கா. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு அதுதான் வாய்.

அந்த வாய் பாதிப் பேச்சில் செத்துப்போகும். செத்த புரோகிராம் கோர் ஃபைல் என்று ஒரு பிணத்தைப் போட்டுவிட்டுப் போகும். எந்த வரியில் உயிர் போனது என்று அதைப் படித்துச் சொல்வது டிபக் பேக்கேஜ். அது இல்லாவிட்டால் வரிக்கு வரி வெறும் கேள்விக்குறி. நேற்றும் ஒரு பிணம் விழுந்திருந்தது. புரோகிராமை எழுதியவர் போன இடம் தெரியவில்லை. பில்ட் செய்யும் புதுக் கம்பைலர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறது. ஆகவே அதன் டிபக் பேக்கேஜுக்குத் தானாகப் பிறக்கும் பாக்கியம் கிடையாது. இருப்பது பழைய டிபக் பேக்கேஜ் ஒன்றுதான், அதுவும் சர்வரில். சர்வரில் இருக்கும்போது வீட்டில் எதற்கு அடைசல் என்பது மூட்டையின் சித்தாந்தம்.

“ஏன்டா மூஞ்சி தொங்குது?” என்றாள் அக்கா. வண்டி தாமதம் என்று ஸ்டேஷனில் சொல்லும் ஆண் குரல் அது.

“அந்த டிபக் பேக்கேஜ எடுக்கப் போறாங்கக்கா.”

“அப்ப இப்பவே இறக்கி வச்சுக்கயேன்.”

“ராத்திரி பன்னெண்டு வரைக்கும் டைம் இருக்கு. மொதல்ல ஆட்சேபணை எழுதணும். இது கொள்கைப் பிரச்சினை.”

“கொள்கைய அப்புறமா கும்பிடு. மொதல்ல அந்த ஃபைல—”

செத்தது.

“பாத்தியா? இதத்தான் நானும் சொல்றேன்,” என்று மூட்டை எழுத உட்கார்ந்தார்.

இரண்டரை மணி நேரம். ‘தனி’ என்ற சொல்லின் பொருளுக்கே அரைப் பக்கம். தலைவரின் தியாகத்துக்கு ஒரு பத்தி. அனுப்பினார், புகார் எண் வந்தது, ஒரு பிரிண்ட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு பேக்கேஜை இறக்கப் போனார். இல்லை. நகல் சர்வர்களில் தேடினார். அவை கீழ்ப்படிவதில் போட்டி போட்டு அழித்திருந்தன.

தலைவரைக் கூப்பிட்டார்.

“சார், ராத்திரி பன்னெண்டுன்னு போட்டிருந்தீங்களே?”

“ஆமா. இப்ப பன்னெண்டரை.”

“இங்கயும் பன்னெண்டரைதான் சார். பகல்!”

“அறிவிப்புல ராத்திரின்னு தெளிவா இருக்கே,” என்றார் தலைவர், பூமியின் மறுபக்கத்திலிருந்து கொட்டாவி விட்டபடி.

“பழைய காப்பி எதாவது...?”

“எடத்த மிச்சம் பண்ணத்தானய்யா நீக்கினதே! புகார் குடுத்திருக்கீங்கல்ல? குழு பாக்கும்.”

சாயங்காலம் மூட்டை பிணத்தைத் திறந்தார். இருபத்து மூன்று வரி. இருபத்து மூன்றிலும் கேள்விக்குறி. அக்கா மடிக்கணினியோடு பின்னால் வந்து நின்றாள்.

“என்னடா எழுதியிருக்கு அதுல?”

“நீ எங்க நின்னுபோனன்னு இனி யாராலயும் சொல்ல முடியாதுன்னு எழுதியிருக்கு.”

“நான் காலையிலயே சொன்னேன். நீ எப்பத்தான்டா என் பேச்ச—”

செத்தது.

அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். காகிதம் தேடினாள். ஆட்சேபணையின் பிரிண்ட்தான் கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் மீதியை எழுதி முடித்து, அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் அதைத் திருப்புவதற்குள் மின்னஞ்சல் வந்தது: குறிப்பிட்ட பேக்கேஜ் தற்போது இல்லாததால், இந்தப் புகார் முடித்துவைக்கப்பட்டது.