நாலாவது நாற்காலி

"தூக்கிட்டுப் போங்கம்மா, புண்ணியமாப் போகும்," என்றார் செயலர் சாமியார், நாற்காலியின் மேல் கிடந்த ஊதா விரிப்பை உருவியபடி.

ஆயரின் தங்கைக்கு எரிச்சல் மூக்குநுனிவரை வந்தது. ஏழு வருடம் கேட்டும் கிடைக்காத நாற்காலி இன்று கேட்காமலேயே கிடைக்கிறது. அதற்கு அண்ணன் சாக வேண்டியிருந்தது. பத்தடி தள்ளி, பேராலயத்தின் நடுவே, அவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக எதிலும் தலையிடாமல்.

சண்டை நடந்த வருடம் பேராலயத்துக்குள் முந்நூறு பேர் அடைந்து கிடந்தார்கள். ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லி மேலிடம் ஆயருக்கு வண்டி அனுப்பியது. அவர் அதில் நிறைமாதக்காரிகளை ஏற்றி அனுப்பிவிட்டு, அடுப்புக்கு விறகில்லை என்று நூறு வருடத்து ஆயர் இருக்கையைத் தன் கையாலேயே பிளந்தார். கோடரி பிடிக்கத் தெரியாது. இரண்டு விரல்களில் கட்டு. ஞாயிறு வந்ததும், உட்கார ஒன்றுமில்லாமல், தங்கையின் சமையலறைக்கு வந்து, அங்கிருந்த நாலு நாற்காலிகளில் ஒன்றைக் கேட்டு நின்றார்.

"ஒரு வாரம்தான். திருப்பித் தந்துடறேன்."

தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கடிதம் மேல் கடிதம் போட்டாள். கடைசியாகப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. அட்டை அண்ணனின் அழகான கையெழுத்தோடு திரும்பி வந்தது. நாற்காலி வரவில்லை.

"அடக்கம் முடியிறவரைக்கும் ஆயர் இருக்கை காலியா இருக்கணும், அதான் முறை," என்றார் செயலர். "நாலு ஊர் ஆயருங்க வர்றாங்க. சமையக்கட்டு நாற்காலியையா காட்டறது? நாடகக் கம்பெனில சொல்லி ராஜா நாற்காலி வரவழைச்சிருக்கேன்."

அது வாசலில் நின்றது. கைப்பிடிகளில் இரண்டு சிங்கங்கள். ஒன்றுக்கு மூக்கு இல்லை.

அவள் தன் நாற்காலியைத் தூக்கினாள். வாங்கிய நாளிலிருந்தே அதன் பின்கால் ஒன்று குட்டை. அந்தக் கால் இருந்த இடத்தில் எட்டாக மடித்த காகிதம் கிடந்தது. பிரித்தாள். அவளுடைய பதிவுத் தபால்.

"இதுக்குத்தான் ஆச்சா?"

"அதை ஏன் கேக்கறீங்க. கூட்டற அம்மா ஒருநாள் குப்பையில போட்டுட்டாங்க. நாற்காலி ஆடுதுன்னு ஆயர் பூசையைப் பாதியில நிறுத்திட்டு, குப்பைத்தொட்டியைக் கவுத்துத் தேடினார்மா. என் மானமே போச்சு."

அவள் நாற்காலியை இருந்த இடத்திலேயே இறக்கினாள்.

"சிங்கத்தைத் திருப்பி அனுப்புங்க ஃபாதர்."

"அம்மா, நாலு ஊர் ஆயருங்க..."

கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, குனிந்து, குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். இருக்கையை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

ஆடவில்லை.